மேடம் நின்ற பக்கம்

ஜனவரி 9

இருபது வருடம் பஸ் ஓட்டினவன் டைரி எழுதினால் டிரிப் ஷீட் மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும்.

காலை ஒன்பது மணிக்குத் தபால்காரர் கிளினிக்குக்கு வந்தார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இன்று கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு எட்டு அடி நடந்தார். இடப்பக்கம் மேடம், வலப்பக்கம் நான். எட்டாவது அடியில் அவர் அழுதுவிட்டார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேடம் மட்டும் "நாளைக்குப் பத்து" என்று சொல்லிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மேடம் என்றால் என் மனைவி. மாடியில் வீடு, கீழே அவளுடைய பிசியோதெரபி கிளினிக். கடைசிப் படி இறங்கியதும் அவள் எனக்கு மேடம், நான் அவளுக்கு சார். இது அவள் போட்ட சட்டம். மேலே ஏறினால் சட்டம் காலாவதி.

ஜனவரி 23

பிசியோதெரபி உதவியாளர் லைசென்ஸுக்கு வாரியத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது. உதவியாளர் படிப்பு முடித்த சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, லைசென்ஸ் உள்ள தெரபிஸ்ட் ஒருவரின் கண் முன்னால் நானூறு மணி நேரம் வேலை பார்த்ததற்கான கையெழுத்து. கையெழுத்து மேடத்துடையது. கனரக வண்டி லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டினால் போதும். இதற்கு ஒரு மூட்டைக் காகிதம்.

ஜூனில் தேர்வு. படிப்பு முடித்த இரண்டு வருடத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்பது விதி. எனக்கு இந்த ஜூன்தான் கடைசி. விட்டால் முதலிலிருந்து படிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு தடவை பெஞ்சில் போய் உட்கார என்னால் ஆகாது.

மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, உங்க மார்க் ஷீட்ல நான்தான் கையெழுத்துப் போடுவேன். நியாயம்னா நியாயம்." வாய்க்கொழுப்பு அப்படியே அவள் அம்மாவுடையது.

பிப்ரவரி 17

மத்தியானம் சாப்பிட்ட கையோடு மேடம் வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தாள், என்னைக் கேள்வி கேட்பதற்காக. பக்கம் புரட்டிய கை நின்றுவிட்டது. பதினான்காவது விதி: நெருங்கிய உறவினரின் மேற்பார்வையில் பார்த்த மணி நேரம் செல்லாது.

அந்தப் பக்கத்தை இருவருமாக எத்தனை தடவை படித்திருப்போம்! கிளினிக்கில் மேடமும் சாருமாகவே இருந்து பழகிவிட்டதில், அது எங்களைச் சொல்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஃபார்ம்ல அப்படி ஒரு கேள்வியே இல்லையே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நீ என் பொண்டாட்டிதானே?"

"அதைத்தாங்க அவங்களும் சொல்றாங்க."

இவளோடு பேசி ஜெயித்தவன் உண்டா? ஆனால் இது பேச்சுப் போட்டி இல்லையே — என் ஒரு வருடம்! ஒரு வருஷமா குனிஞ்சு நிமிர்ந்தது எல்லாம் தண்டமா?

பிப்ரவரி 19

எழுதிப் போட்டுவிட்டாள். தன் கையெழுத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறாளாம். நாற்பது டவல் மடித்தேன், ஒன்றிலும் மூலை சேரவில்லை.

பிப்ரவரி 22

வாரியத்திலிருந்து பதில். தாங்களாகவே தெரிவித்ததால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. மே 31க்குள் வேறொரு தெரபிஸ்டிடம் நானூறு மணி நேரம் முடித்துக் காட்டினால் ஜூன் தேர்வு எழுதலாம்.

வரும் திங்களிலிருந்து ஞாயிறு போக எண்பத்து மூன்று நாள். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் எண்பது நாள் வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் படுக்கலாம். நாலாவது நாள் படுத்தால் அவ்வளவுதான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவருக்கு மேடமே போன் செய்தாள். முப்பத்தைந்து வயதுக்காரர். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அவருக்கும் இவளுக்கும் ஏழாம் பொருத்தம். இவள் யாரிடமும் "தயவு பண்ணி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்று இரண்டு தடவை சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எப்படிக் கோபமாக இருப்பது? முயன்று பார்த்தேன். சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை.

பிப்ரவரி 26

முதல் நாள். ஸ்கேல் என்னையே மேஜையில் படுக்கவைத்து அளந்தார். "டிரைவர் சார், உங்க வலது இடுப்பு இறுகிப்போய்க் கிடக்கு." இருக்காதா? இருபது வருட ஆக்ஸிலரேட்டர்.

"பேஷண்ட்டைப் பாத்து முடிவு பண்றது என் வேலை. நான் எழுதினதைச் செய்யறது உங்க வேலை. நீங்களா ஒண்ணும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். சந்தேகம்னா கூப்பிடுங்க."

மனிதர் மோசமில்லை.

மார்ச் 5

நாற்பது மணி நேரம். இங்கே டவல் எங்களுடையதைவிட மெல்லிசு. மேடத்திடம் சொன்னேன். அவளுக்கு ஏக சந்தோஷம்.

மார்ச் 14

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

டீச்சரம்மா என்று ஒருவர் வருகிறார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், இடது காலில் பலமில்லை. நடக்கவைக்கச் சொல்லி ஸ்கேல் எழுதியிருந்தார். நான் பிடித்துக்கொள்ள அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டினேன், எழுப்பினேன், கூடவே நடந்தேன். ஐந்தாவது அடியில் இடது முழங்கால் மடங்கியது. அவர் இடப்பக்கம் சாய்கிறார். நான் நிற்பதோ வலப்பக்கம். பெல்ட்டில் இருந்த என் கை அவரை நிறுத்தவில்லை, அவரோடு சேர்ந்து போனது. ஸ்கேல் பாய்ந்து வந்து தோளைக் கொடுத்துத் தாங்கிவிட்டார். டீச்சரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தோம்" என்று என்னையே தேற்றினார்.

அவரை உட்காரவைத்த பிறகு ஸ்கேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"எந்தப் பக்கம் நிக்கணும்?"

"பலமில்லாத பக்கம். அரை அடி பின்னால."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் அந்தப் பக்கம் நின்னீங்க?"

இன்றைய ஐந்து மணி நேரத்தில் நாலுக்குத்தான் கையெழுத்துப் போட்டார். மொத்தம் எழுபத்தொன்பது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். படிக்கட்டுப் பக்கம் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை. கண்டக்டர் குரல் கொடுத்தார், வண்டி நகர்ந்தது. நானும் அப்படித்தானே ஓட்டினேன்? என் பக்கம் என் கண்ணாடி, அந்தப் பக்கம் கண்டக்டர் பாடு.

அப்போதுதான் புரிந்தது. தபால்காரர் எட்டு அடி நடந்தபோது இடப்பக்கம் யார்? அவருக்கு முன்னால் வந்தவர்களுக்கு? ஒரு வருடம் முழுக்க, பலமில்லாத பக்கம் எதுவோ அங்கே அவள் போய் நின்றிருக்கிறாள். மிச்சமிருந்த பக்கத்தில் நான் நின்று, வேலை பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 15

அவளிடம் சொன்னேன். மாடிப்படியில் நடுவில் நின்று கேட்டாள், மேடமாகவும் இல்லாமல் மனைவியாகவும் இல்லாமல்.

"எப்பவுமேவா நான் அந்தப் பக்கம் வந்து நின்னேன்?"

"எப்பவுமே."

"எனக்கே தெரியலீங்க. நீங்க பக்கத்துல இருந்தா கை தானா அங்க போயிடுது." ஒரு படி இறங்கி, "அப்போ நான் போட்ட கையெழுத்து பொய்யா?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்ப்பது அபூர்வம்.

"பொய் இல்ல. ஆள் கணக்குதான் தப்பு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா பாஸ் பண்ணியிருக்கோம்."

சிரித்தாள். பதினான்காவது விதியை எழுதின புண்ணியவானுக்கும் வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 24

ஞாயிறு. மாடி வராந்தாவில் பயிற்சி. அவள்தான் நோயாளி. எந்தக் கால் பலமில்லை என்று சொல்லமாட்டாளாம், நடையைப் பார்த்து நானே பக்கம் மாற வேண்டுமாம். சொல்லாமல் கொள்ளாமல் சாய்கிறாள். பதினோரு தடவை சாய்ந்தாள், ஒன்பது தடவை பிடித்தேன். மீதி இரண்டுக்கு வீட்டில் இருந்த ஐஸ் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 20

இருநூற்று முப்பத்தொன்பது. ஒரு நாள்கூட விடவில்லை. தும்மல் வந்தால் மூவருக்கும் பயம்: எனக்கு, மேடத்துக்கு, ஸ்கேலுக்கு.

மே 29

நேற்றோடு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மார்ச்சில் போன அந்த ஒரு மணி நேரம் மட்டும் பாக்கி. அதற்காக இன்று போனேன். ஸ்கேல் வேண்டுமென்றே டீச்சரம்மாவை என்னிடம் விட்டார். இடப்பக்கம், அரை அடி பின்னால், கை பெல்ட்டில். வாசல்வரை போய்த் திரும்பினோம். நடுவில் ஒரு தடவை முழங்கால் மடங்கியது. என் இடுப்பில் சாய்ந்து, நிமிர்ந்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஸ்கேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க மேடத்துகிட்ட சொல்லுங்க, அந்த லெட்டரை எழுத நானா இருந்தா யோசிச்சிருப்பேன்" என்றார். சொன்னேன். "அளந்து பாத்துச் சொன்னாரா?" என்று கேட்டாள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

ஜூன் 15

எழுதினேன். எழுபத்திரண்டாம் கேள்வி: நடக்கும்போது உதவியாளர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? ஹாலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் முறைத்தார்.

ஜூலை 11

பாஸ். மகள் மார்க் ஷீட்டைப் போனில் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லாப் பண்ணியிருக்கலாம்" என்றாள்.

ஜூலை 29

லைசென்ஸ் சனிக்கிழமையே வந்துவிட்டது. எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. அவளுடைய லைசென்ஸுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தேன். தெரபிஸ்ட் மேற்பார்வையில் மட்டும் என்று என்னுடையதில் அச்சடித்திருக்கிறது. லைசென்ஸ் வாங்கினவனுக்கு அவள் மேற்பார்வை பார்க்கலாமாம், விதி தடுக்கவில்லை. தடுத்தாலும் வீட்டில் அதுதான் நடக்கும்.

ஒன்பது மணிக்குத் தபால்காரர். பெல்ட் கட்டி எழுப்பினேன். மேடம் பழக்கத்தில் இடப்பக்கம் வந்தாள். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். வலப்பக்கமும் போகவில்லை. ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கிளினிக் நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

தபால்காரர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "மேடம் வரலையா?"

"இந்தப் பக்கம் நான் இருக்கேன்" என்றேன்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "போலாம், ரைட்!"