இசக்கியம்மாள் சொல்லாத பெயர்

விண்வெளிச் சுற்றுநிலையம், நாள் 31. காலை 7:30

காற்று சரி. அழுத்தம் சரி. என் நாடி எழுபத்திரண்டு.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் சொரிமுத்து, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவன். எழுதப் பழகி ஒரு மாதம் ஆகிறது. மேலே உள்ளதை எழுத அரை மணி நேரம் ஆனது. ஆகட்டும். 'ழு' போட்டு முடித்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

எடையில்லாத இடத்தில் உடம்பு சீக்கிரம் மூப்படையுமாம். கீழே பூமியில் பல வருடத்தில் தெரிவது இங்கே சில மாதத்தில் தெரிந்துவிடும். அதனால் மறதி நோய்க்கான மருந்தை இங்கே சோதிக்கிறார்கள். மருந்து என் மனைவி இசக்கியம்மாளுக்கு. அவளோடு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஒரு கிழவன் வேண்டும், அது நான். நடுவில் கண்ணாடிச் சுவர். பேச ஒலிபெருக்கி.

நாள் 38. காலை 9:00

முதல் மருந்து வேலை செய்கிறது. மூளையில் படிந்த கசடு பாதி கரைந்துவிட்டது. அடுப்பை அணைக்க மறந்தவள் இன்று ஒலிபெருக்கியில் என்னை விரட்டுகிறாள்.

"கோமதி அப்பா, சட்டையில என்னத்த ஒட்டிக்கிட்டு அலையுதீக?"

"என் பேரு, புள்ள. நானே எழுதுனது."

"அடேயப்பா, கலெக்டரு!"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாள் 40. மாலை 4:20

அவள் அறையில் இருக்கும் கருவி தினமும் அவளிடம் கேள்வி கேட்கும். கடிகாரம் வரைகிறாள். சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்கிறாள். "கணவர் பெயர்?" என்றால் மட்டும் தலையைக் குனிந்து சிரிக்கிறாள். அதற்குத் தினமும் பூஜ்யம்.

நெருங்கிய உறவை மறந்தவர்களுக்கு இரண்டாம் மருந்தாம். அது மூளை செல்களை இளமையாக்கும். பழைய நினைவுகள் அழியலாம். இழக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களாம். அந்தப் பூஜ்யத்தால் இவளும் அந்தக் கணக்கில்.

கீழேயிருந்து சோதனையை நடத்தும் டாக்டர் நிரஞ்சனாவிடம் சொன்னேன்: "அம்மா, அவ மறக்கல. எங்க பக்கத்துப் பொம்பளைக புருசன் பேரச் சொல்ல மாட்டாக. சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு பயம்."

பதில்: "புரியுது ஐயா. ஆனா வழக்கத்துக்கு மார்க் போட இடமில்ல. அவங்க வாயால ஒரு தடவை சொல்லட்டும்."

"அப்ப நிறுத்துங்க. ஊருக்குப் போறோம்."

"ரெண்டு பேரும் கைநாட்டு வச்சிருக்கீங்களே ஐயா."

வைத்தோம். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. வானத்துக்கு ஒரு கிழவியைத் தூக்கி வர இடம் இருந்ததே! அவள் வெட்கத்துக்கு மட்டும் இடமில்லையா?

நாள் 41. இரவு 8:00

கெஞ்சினேன். திட்டினேன்.

"ஒரு தடவ சொல்லித் தொலையேன்!"

"சொல்லிட்டு உங்கள வாரிக் குடுக்கவா? போங்க அங்கிட்டு."

"என்னையவே மறந்துருவ, புள்ள!"

"மறந்தா என்ன? நீங்க இருப்பீகல்லா."

நாள் 42. காலை 6:15

கருவியின் கை அவளுக்கு இரண்டாம் மருந்து ஊசியைப் போட்டது. ஆக்சிஜன் உருளையால் கண்ணாடியை அடித்தேன். கீறல் விழவில்லை. அடித்த வேகத்தில் நானே பின்னால் போய் மோதினேன். கீழேயிருந்து குரல்: "அமைதியா இருங்க ஐயா, உங்க பிரஷர் ஏறுது." பாவிகள். என் பிரஷரைப் பார்க்கிறார்கள்.

கை வீங்கிவிட்டது. எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

நாள் 55. காலை 9:00

அவளுக்குக் கைநடுக்கம் போய்விட்டது. ஒரு மாதம் நான் முட்டி மோதிய எழுத்தெல்லாம் அவளுக்கு ஐந்தே நாளில் வந்துவிட்டது. அவள் படிப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மீதும் கோபம் வருகிறது.

எதிர் அறையில் இருப்பவர்தான் உன் கணவர் என்று நேற்றே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"கணவர் பெயர்?"

தலை குனியவில்லை. சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே என் நெஞ்சைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

"சொ... ரி... முத்து."

"சரி. முழு மதிப்பெண்."

கீழே கைதட்டுகிறார்கள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சரியாப் படிச்சேனா, பெரியவரே?"

நாள் 56. காலை 7:30

காற்று சரி. அழுத்தம் சரி. நாடி எழுபத்திரண்டு.

படிப்பவரே, அவள் சொல்லிவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.