போடப் போடக் குளிரும்

லண்டன்
13.2.1979

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா?

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. எதையும் விழுங்கும் கருந்துளைக்கும் கொஞ்சம் வெப்பம் உண்டு என்று கண்டுபிடித்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதுதான் என் ஆராய்ச்சி. அந்தத் துளைக்குள் எதைப் போட்டாலும், போடப் போடக் குளிர்ந்துகொண்டே போகும். நானோ கரும்பலகையில் சூடாகும் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தல்லாகுளத்து வீட்டில் வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளி வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

சட்டைப் பொத்தான் தைக்கக் கறுப்பு நூல்கண்டு ஒன்று அனுப்பு. இங்கேயும் கிடைக்கிறது. இருந்தாலும் அனுப்பு.

வந்த புதிதில் நான் ஒரு பக்கம் எழுதினால் நீ நாலு பக்கம் எழுதுவாய். “எம்புட்டு நாளைக்குக் காயிதத்துலயே குடும்பம் நடத்துறது?” என்று ஒருமுறை கேட்டிருந்தாய். அதற்குப் பதில் தெரியாமல்தான் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினேன். போன மாதம் பன்னிரண்டு பக்கம். உன் பதில் மூன்று வரி. அதில் ஒன்று பால்காரரைப் பற்றி.

எனக்கு வேறு வழி தெரியவில்லை, விக்டோரியா. இந்த முறை குறைத்துப் பார்க்கிறேன். சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

உன்
இன்பசேகரன்