மெல்பேர்னுக்குச் சுற்றுவழி

ஜன. 14, 1978, சனி

விடியவே வெக்கை. சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு நேர்ச்சாலை இருக்கிறது, ஒரு நாள் ஓட்டம். நான் பிடித்திருப்பது வில்கானியா, புரோக்கன் ஹில், மில்டுரா என்று செம்மண் காட்டைச் சுற்றும் வழி. நாட்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும், கூடாரத்தில் படுத்தால் மோட்டல் செலவும் இல்லை என்று மகள் வதனிக்குச் சொன்னேன். உண்மை வேறு. அவள் நேர்ஸ் படிப்புக்குப் போகிறாள், விடுதியில் மூன்று வருடம். தாய் செத்தபிறகு சிட்னியில் டூங்கபி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வழியில் மனம் மாறுவாள் என்று ஒரு நப்பாசை.

ஏற்றியவை: இரவல் கூடாரம், மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, பருப்பு, டின் மீன், மிளகாய்த்தூள், தண்ணீர்க் கான். மறந்தது: உப்பு.

நிங்கனில் முகாம். உப்பில்லாச் சோறு. வதனி முழுவதையும் சாப்பிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜன. 15, ஞாயிறு

காற்றே இல்லை. ஒரு எமுப் பறவை காரோடு கூட ஓடிவந்தது. பிறகு அதற்கும் அலுத்துவிட்டது. கதைப்பதற்கென்று நான் தயார் செய்த விஷயங்கள் கோபார் வருமுன்பே முடிந்தன. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். போட்டிக்கு வந்தது மூன்று பேர்.

வில்கானியா, ஆற்றங்கரை. உப்பு வாங்கியாயிற்று. பக்கத்தில் பூப்போட்ட வான் வண்டி. நீளத் தலைமயிர்ப் பெடியன், வெறுங்கால் பெட்டை, வெள்ளைக்கார ஹிப்பிச் சோடி. நான் அடுப்போடு. கூடாரத்துக்குள்ளிருந்து வதனி:

"அப்பா, வெங்காயம் வெட்டட்டோ?"

"ஓம்."

"பருப்பும் கழுவட்டோ?"

"ஓம், ஓம்."

"தண்ணி இவ்வளவு காணுமோ?"

"ஓ...ம்."

திரும்பினால் அந்த இரண்டு பேரும் எனக்கு முன்னால் சப்பணம் கட்டி, கண்ணை மூடி. எவ்வளவு காலமாக இந்தத் தியானம் என்று பெடியன் பயபக்தியோடு கேட்டான். பேசப் பழகினதிலிருந்து என்றேன். வதனி வெளியே வந்து, "இவர் நாள் முழுக்க இப்படித்தான், பேப்பர் படிக்கும்போது இன்னும் மோசம்" என்றாள் இங்கிலீசில். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள். எல்லோருமாகச் சாப்பிட்டோம். உறைப்பில் பெடியனுக்குக் கண்ணீர். அதையும் ஞானம் என்றே எடுத்துக்கொண்டான்.

பிறகு ஆற்றில் சட்டி கழுவுகிறேன். மேலே அவள் அந்தப் பெட்டைக்குச் சொல்வது கேட்கிறது. எனக்கும் விளங்கக்கூடிய இங்கிலீசு. "மெல்பேர்னுக்கு விண்ணப்பம் எழுதிப் போடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். ஓம் என்றார். பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. ஏன் என்று கேட்பார் என்று நின்று பார்த்தேன்."

நான் சம்மதித்த விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும். அந்த ஓம் சம்மதம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குச் சொல்வது. கேட்டுக்கொண்டும் இருக்கவில்லை.

ஜன. 16, திங்கள்

புரோக்கன் ஹில். சில்லுக் காற்றுப் போனது. மாற்றினோம். முகமெல்லாம் இலையான் மொய்ப்பு. வேறொன்றுமில்லை.

ஜன. 17, செவ்வாய்

மில்டுரா வழி. தூசி. கேட்டே விட்டேன்.

"ஏன் பிள்ளை போறாய்?"

"இப்பவோ கேக்கிறியள்?"

"இப்பதான் விளங்கினது."

"அம்மா போனாப்பிறகு வீட்டில நான் மட்டும்தான் கதைக்கிறன், அப்பா. ரேடியோ மாதிரி. அங்கை ஆக்கள் திருப்பிக் கதைப்பினம்."

"போகாதை எண்டு சொன்னால்?"

"சொல்லுங்கோ பாப்பம்."

எதிரே செம்மறி லொறி, பின்னால் ஒரு மலைத் தூசி. கண்ணாடிகளை ஏற்றினோம். மறுபடி இறக்கியபோதும் நான் சொல்லவில்லை. பதிலுக்குக் கதை சொன்னேன்: இவள் தாயைப் பெண்பார்க்கப் போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அவர்களுடைய வடையையும் சாப்பிட்டது. கேள்விப்பட்டதே இல்லையாம். மில்டுரா வரை நான்தான் கதைத்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜன. 18, புதன்

மெல்பேர்ன். ஜனவரியில் மழை, குளிர். வாசலில் விடுதிக்குப் பொறுப்பான மேற்றன்: தகப்பன்மாருக்கு இதற்கு மேல் அனுமதி இல்லை.

"நீங்கள் தனிய இருப்பியளோ, அப்பா? ஓல்ரைற்றோ?"

"இல்லை" என்றேன்.

பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

சொன்னேன். படியில் நின்று, முழுவதும். மேற்றன் மணிக்கூட்டைப் பார்த்தபடி. சொல்லி முடித்து, "உள்ளுக்குப் போ பிள்ளை, நனையிறாய்" என்றேன். போனாள்.

ஜன. 19, வியாழன்

நேர்ச்சாலையால் திரும்பல். வெயில் பரவாயில்லை. ஆல்பரியில் முகாம். இந்தக் கூடாரத்தை ஒருவனால் அடிக்க முடியாது. ஒரு பக்கத்தை நிமிர்த்தினால் மற்றப் பக்கம் படுக்கிறது. காருக்குள் படுத்தேன்.