யாங்கோவின் அம்மா நான் இல்லை

நம்பாசி கிராமம்,
ஜோம்பா, மலாவி.
டிசம்பர் 2003

என் அருமை மகள் மயாமிகோவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக எழுந்து நடமாடுகிறாய் என்றால் நாங்களும் இங்கே நல்லபடியாக எழுந்து நடமாடுகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி போன மழைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார், ஏரியிலிருந்து மீன் கூடையைக் கட்டிக்கொண்டு ஜோம்பா சந்தை வரை மிதித்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு என்னைத் தேய்க்கச் சொல்கிறார். கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று நொண்டி, ஆனால் பால் குடிக்க அதுதான் முந்துகிறது. சர்ச்சில் பாட்டுக் குழுவில் உன் இடத்தில் இப்போது உன் சித்தி மகள் ஃபைடெஸ் நிற்கிறாள், குரல் கணீரென்றுதான் இருக்கிறது, எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, அப்பா அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஸ்காட்லாந்து எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன் என்றார், வேர்த்துக் கொட்டியது, உன் மகளுக்கு வேர்க்கவே வேர்க்காதுடி பாவம் என்று சொல்லிக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்.

சர்ச் மிஷனில் இருக்கிற போனில் நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று சொல்கிறார்களே, இந்த வயதில் அங்கே என்ன வேலை என்று கேட்டு எழுதியிருந்தாய். அதைத்தான் சொல்ல வருகிறேன். குளிர் முடிந்து வெயில் ஏறின சமயம், மாவு மில்லுக்குச் சோளத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வழியாகப் போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே மலேமியா சார் கணக்குக் கேட்கிறார், உட்கார்ந்திருக்கிற ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, இவள் வெளியிலிருந்து பதில் சொல்கிறாள், எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். சார் ஜன்னலுக்கு வந்து, கொழந்த அழுதா மத்தவங்க படிக்க முடியலன்னுதானேம்மா உன்ன வெளிய நிக்கச் சொன்னேன், இப்ப நீயே கத்துறியே என்றார். கோபமாக இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். வாத்தியார்களில் பாதிப் பேர் எய்ட்ஸில் செத்துப் போய்விட்டார்கள், ஒரே அறையில் அத்தனை பிள்ளைகளையும் அடைத்துவைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார். அந்தப் பெண் யார் தெரியுமா, சின்ன வயதில் உனக்குத் தலை பின்னிவிடுவாளே லோனெஸ், அவள் மகள் எக்காரி. லோனெஸ் ஜூன் மாதம் போய்விட்டாள், அதே நோய்தான், புருஷன் அதற்கு முன்னாலேயே போய்விட்டான். நீ தனியாக அங்கே உட்கார்ந்து அழுவாய் என்றுதான் அப்போது எழுதவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற தாய்மாமன் எப்போதாவது மாவு அனுப்புவான், மற்றபடி அந்தக் குடிசையில் இவளும் தம்பி யாங்கோவும்தான். நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, குடுடி அவன, நீ உள்ள போ என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, கடிப்பான் என்றாள். கடிக்கட்டும், எம் பொண்ணும் கடிச்சவதான் என்று சொல்லி வாங்கி என் முதுகில் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு மில்லுக்கும் போகவில்லை, வீட்டில் களியும் கிண்டவில்லை.

மறுநாள் போனால் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் தங்கச்சிகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் ஒரு பாய் நிறைய எனக்குக் குழந்தைகள். எல்லாம் அம்மா இல்லாததுகள், அக்கா முதுகிலேயே வளர்கிறதுகள். மலேமியா சார் சோயா மாவும் ஒரு பானையும் கொடுத்தார், கஞ்சி காய்ச்சி ஊட்டி, கால் கழுவி, தூங்கப் பண்ணி, ஒன்று எழுந்தால் ஒன்றை எழுப்பிவிட்டு, அப்படியே பொழுது போகிறது. உன் அப்பா ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ஒன்னே ஒன்னப் பெத்துட்டு இடுப்பு போச்சு இடுப்பு போச்சுன்னு இருவது வருஷம் பொலம்பினவ, இப்ப ஒரு மந்தையே மேய்க்கிறாளே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் மறுநாளிலிருந்து பொடி மீன் கொஞ்சம் தனியாகக் கட்டிக் கொண்டுவந்து கஞ்சிப் பானைப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். அடிபம்பில் பேச்சு வேறு மாதிரி. எலுபே இருக்கிறாளே, அவள் வாய் உனக்குத் தெரியும், சொந்தப் பொண்ண வெள்ளக்காரன் ஊருக்கு அனுப்பிட்டு ஊரான் புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு அலையுறா பாரு என்று நான் காதில் வாங்குகிற மாதிரியே சொன்னாள். நான் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆமாடி, என் முதுகு சும்மாத்தான கெடக்கு, உனக்கு வேணும்னா நீயும் ஏறிக்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டுச் சமையல் கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன் மயா.

நான் இப்போது சொல்லப்போவதை அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. யாங்கோவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, அம்மா முகமே அவனுக்கு நினைவிருக்காது. அவன் என் முதுகில் தூங்கும்போது வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கையை என் கழுத்துப் பக்கம் நுழைத்துக்கொண்டு தூங்குவான், நீ அப்படித்தான் தூங்குவாய். எச்சில் ஒழுகி முதுகு நனையும்போது நீதான் முதுகில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். மற்ற குழந்தைகளை இறக்கிவிடுவேன், அவனை மட்டும் இறக்கவே மாட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு எக்காரி வந்து கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மா என்றான். அதுதான் அவன் பேசின முதல் வார்த்தை. எக்காரி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, வீறிட்டு அழுகிறவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். எனக்கு அந்தக் கணம் என்ன தோன்றியது தெரியுமா, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஊர் பூராவும் என்னை மயாமிகோ அம்மா என்றுதான் கூப்பிடுகிறது, வெறுமனே அம்மா என்று கூப்பிட நீ ஒருத்திதானே.

மறுநாள் எக்காரி வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை, படிக்கிற பொண்ணு, போய்க் கூட்டிட்டு வாங்க என்றார் மலேமியா சார். போனேன். கூரையில் பாதிக்குப் புல்லே இல்லை, உள்ளே நின்றால் வானம் தெரிகிறது. அவள் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள், யாங்கோவைத் திரும்பத் தன் முதுகில் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் கையை நீட்டித் துள்ளினான், அவள் உலக்கையை நிறுத்தவில்லை. ஏன்டி வரல என்றேன். படிப்பு வேணாம் என்றாள். பரீட்சை வருதேடி என்றேன். வரட்டும் என்றாள். அப்புறம் உலக்கையைப் போட்டுவிட்டு என் முகத்துக்கு நேராக நின்று, எங்கம்மா சாகும்போது அவன என் கையிலதான குடுத்துச்சு, உங்க கையில குடுத்துச்சா என்று கேட்டாள். உங்களுக்குப் பொண்ணு இருக்கு, புருஷன் இருக்கு, எனக்கு இவன் ஒருத்தன்தான் இருக்கான், இவனும் என்ன மறந்துட்டா நான் படிச்சு யாருக்குக் காட்டப் போறேன் என்றாள். அழவே இல்லை மயா, நின்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, உனக்குச் செய்ததற்கு இதுதானா என்று வாய் வரை வந்துவிட்டது, நல்லவேளை வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டது என் கேள்விதானே, உன் கடிதம் வரத் தாமதமாகும் போதெல்லாம் நான் எனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உன் புள்ளடி, நான் தூக்கி வச்சிருக்கிறவ, அவ்வளவுதான், நீயே சொல்லு, எப்படி வச்சிருக்கணுமோ அப்படி வச்சிருக்கேன் என்றேன். அவள் கீழே கிடந்த உலக்கையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, கஞ்சி நாந்தான் ஊட்டுவேன் என்றாள். ஊட்டு என்றேன். நீங்க ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காரணும், அவன் என்னப் பாத்துக்கிட்டே இருக்கணும் என்றாள். சரி என்றேன். அவன் அம்மான்னு கூப்பிட்டா நீங்க ஏன்னு கேக்கக் கூடாது என்றாள். அதற்குச் சரி சொல்லத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனாலும் சொன்னேன்.

மலேமியா சாரிடம் சொல்லி இடைவேளையில் அக்காக்கள் எல்லோரும் வெளியே வந்து அவரவர் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி செய்துவிட்டோம். நான் பாயை ஜன்னலுக்கு அடியில் நிழலுக்கு இழுத்துப் போட்டேன். யாங்கோ என் முகத்தைப் பிடித்து அம்மா என்பான், நான் அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, அங்க பாரு, அக்கா, அக்கா சொல்லு என்பேன். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல மனசே வராது, ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதானே. பள்ளிக்கூடம் மூடுகிற நாளில் எல்லோரையும் வெளியில் உட்காரவைத்துப் பரீட்சை முடிவு வாசித்தார்கள். விட்டு விட்டுப் படித்ததில் எக்காரி இன்னும் நாலாம் வகுப்புதான், அதில் மூன்றாவது. பெயரைக் கூப்பிட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள், எலுபேதான் எல்லோரையும்விடச் சத்தமாக. அவள் எழுந்து முன்னால் போகிறபோது என் முதுகில் இருந்தவன் எக்கிப் பார்த்து அக்கா என்று ஒரு கூச்சல் போட்டான். அவள் சாரிடம் போகாமல் நேராக எங்களிடம் ஓடிவந்து அவனை வாங்கிக்கொண்டுதான் போனாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு லேசாகிவிட்டது, நானும் குலவையிட்டேன், அப்பா பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போன கடிதத்தில் நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்துப் பெரியம்மா ஒருத்தி உன்னைத் தன் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்று உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது, அவளைக் குளிப்பாட்டுகிறாயே, அவளுக்குத் தலை வாருகிறாயே என்று. இப்போது சொல்கிறேன், அவள் கூப்பிட்டால் ஏன் என்று கேள். பெற்றவளுக்கு அந்தப் பதில் வேண்டும், யார் வாயிலிருந்து வந்தாலும் சரி. அவள் மகள் வரும் நாளில் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள். ராத்திரி வேலையை அடுக்கி அடுக்கி எடுத்துக்கொள்ளாதே, சாப்பாட்டை ரொட்டியில் முடித்துவிடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், கேட்காமலே இத்தனை தூரம் வந்துவிட்டேன். மழை பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அடித்த மழையில் எக்காரி வீட்டுக் கூரை உட்கார்ந்துவிட்டது, இரண்டும் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நம் வாசலில் வந்து நின்றன. அப்பா உன் அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அறையைத் தினமும் பெருக்குகிறேனே தவிர யாரையும் படுக்க விட்டதில்லை, உன் சித்தி வந்தபோதுகூட விடவில்லை, நீ திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது என்று. மகளக் கேட்டு எழுது என்றார் அப்பா. மிஷன் போனிலிருந்து அவ்வளவு தூரம் கூப்பிட முடியாது, எழுதி, அது உனக்கு வந்து, நீ பதில் எழுதி வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். அதனால் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, அன்றைக்கே கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி அவர்களைப் படுக்க வைத்துவிட்டேன். உன் துணிகளை என் பெட்டியில் என் துணிகளோடு வைத்திருக்கிறேன். நீ வரும் அன்று நீ என் பக்கத்தில் படுத்துக்கொள், அப்பா சமையல் கட்டில் படுத்துக்கொள்வார், அவரே சொல்லிவிட்டார். எந்த மாதம் என்று மட்டும் எழுது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது எழுது, அதையும் நான் படிப்பேன்.

கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும், உன்னைத் தொடுகிறவர்கள் அன்பாகத் தொடட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். எக்காரி தன் பெயரை இந்தக் கடிதத்தின் ஓரத்தில் தானே எழுத வேண்டும் என்கிறாள், எழுதட்டும்.

உன்,
அம்மா.