போனைப் பிடித்த கை

மார்ச் 4, செவ்வாய்

ஆபீசில் வீடியோவுக்குக் குறிப்பு எழுதும் எந்திரம் இன்றும் மூக்குடைபட்டது. ஒரு பஸ் திரையை அடைத்துக்கொண்டு போனது. உடனே எந்திரம், "கேமரா திரும்பியது" என்று எழுதிவிட்டது. "கேமரா அசையவில்லை, போனது பஸ்" என்று திருத்தினேன். இதுதான் என் பிழைப்பு. இடம் அடைக்காமலிருக்கச் சுருக்கிய வீடியோவுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் கட்டம் கட்டமாக அம்பு இருக்குமாம், எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று. எல்லா அம்பும் ஒரே பக்கம் ஓடினால் கேமரா திரும்புகிறது. நடுவிலிருந்து நாலா பக்கமும் விரிந்தால் கிட்டே போகிறது. எந்திரம் அம்பைப் பார்த்துக் குறிப்பு எழுதும், நான் படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பேன். எட்டாவது தாண்டாதவளுக்கு இந்தப் பவிசு போதும்.

"அக்கா, அதைத் திட்டாதீங்க, அழுதுரும்" என்றாள் பக்கத்து மேசை சோடாபுட்டி.

"அழட்டும். கண்ணைத் துடைச்சிட்டு ஒழுங்கா பார்க்கும்."

மார்ச் 9, ஞாயிறு

மகளின் வீடியோ வந்தது. வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து பேச்சு குறைவு, வாரம் ஒரு வீடியோதான். போனை எதிலாவது சாத்திவிட்டுச் சமைப்பாள். அசையாத கேமரா, படத்தில் பாதித் தலைதான். நானும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாத்தி ஒன்று எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 11

டிவியில் செய்தி வாசிப்பவரிடம் சட்டை நன்றாக இல்லை என்றேன். கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வார வீடியோவில் மகள் ஜன்னலோரம் துணி மடிக்கிறாள். திரும்பிச் சிரிக்கிறாள். தலை முழுசாக இருக்கிறது — ஏதோ இடித்தது. மறுபடி போட்டேன். படம் மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு விடுகிறவர் கையில் இருப்பதுபோல. அப்புறம் அவள் முகத்துக்குக் கிட்டே போனது.

போன் தானாக நடந்து போகுமா?

மார்ச் 17, திங்கள்

மனசு கேட்கவில்லை. எந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் முகத்திலிருந்து எல்லா அம்பும் விரிந்தன. "கையில் பிடித்த கேமரா. அருகே செல்கிறது." இதையாவது தப்பாகச் சொல்லக்கூடாதா, சனியனே!

தனியாக இருக்கிறாளே என்று தவித்தவள் நான்தானே? துணை கிடைத்தால் எனக்கு எதற்கு அழுகை? ஆள் வந்ததுக்கு இல்ல. என்கிட்ட சொல்லலையே. கேலி பண்ணுவேன்னு பயந்தாளா? பண்ணுவேன்தான். அதுக்காக?

மார்ச் 18

மகளைக் கூப்பிட்டேன். "ஏண்டி, போனைப் பிடிச்சது யாரு?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உன் வீட்டுச் சுவருக்கு எப்ப கை முளைச்சுது?"

சிரிக்கவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். நேராகக் கேட்டிருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே.

மார்ச் 23, ஞாயிறு

வீடியோ இல்லை.

மார்ச் 26

அவளே கூப்பிட்டாள். "கூட வேலை பார்க்கறவர்மா. நல்லவர். நீ கிண்டல் பண்ணியே அவரை ஓட வெச்சிடுவியோன்னு..."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லும்மா. நீ பேசாம இருந்தாதான் பயமா இருக்கு."

"சரி. போன் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு. உன் தலையை வெட்டல."

சிரித்தாள். அப்புறம், "உன் வீடியோ எல்லாத்தையும் அவருக்குக் காட்டினேன். ஒண்ணுல கூட உன் தலை முழுசா இல்ல. உனக்கு யாரும்மா போன் பிடிக்கறா?"

அப்புறம் பேசுகிறேன் என்று நானும் வைத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சோடாபுட்டியை வீட்டுக்கு வரச் சொல்லி, என்னை எடு என்று போனைக் கையில் கொடுத்தேன்.

"ஏங்க்கா, எப்பவும் போனைச் சாத்தற சர்க்கரை டப்பா என்னாச்சு?"

"அதுக்கு இன்னிக்கு லீவு."

அவள் சிரித்த சிரிப்பில் படம் ஆடிய ஆட்டத்துக்கு, எந்திரம் பார்த்தால் பூகம்பம் என்று எழுதும். வேறு எடுக்கவில்லை. அதையே மகளுக்கு அனுப்பினேன்.