கைப்பிடி உப்பு

உப்பளத்து மகாராணியான அம்மாவுக்கு, உன் வாலுப் பெண் செந்தமிழ் கும்பிட்டு எழுதுவது. கால் வெடிப்பு ஆறியதா? மருந்து தடவுகிறாயா, இல்லை மருந்துக்குக்கூடத் தடவுவதில்லையா?

ஓசூர் தொழிற்பயிற்சியில் நான் நலம். போனில் சொன்னால் சிரித்தே என்னைப் பேசவிட மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று அறையில் என் சமையல் முறை. அளவு சொல்ல வந்த அறைத்தோழி பவுலினை, "மரக்காணத்துக்காரிக்கே உப்பா?" என்று விரட்டிவிட்டேன். வீட்டில் கல்லுப்பை அள்ளும் பழக்கத்தில் தூள் உப்பை ஒரு கைப்பிடி போட்டேன்.

"ஏண்டி, ஊர்லேர்ந்து கடலையே கட்டி எடுத்துட்டு வந்துட்டியா?" என்று சிரித்தவள், உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்து சாம்பாரைக் காப்பாற்றினாள்.

அப்போதுதான் உறைத்தது: உப்பே தெரியாத நான், இரும்பு கடையும் லேத் மெஷினைத் தெரிந்தவள்போல வகுப்பில் தலையாட்டிக்கொண்டிருக்கிறேனே! மாதக் கடைசித் தேர்வில் தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அம்மா. மறுநாள் எழுந்து, "எனக்குப் புரியலைங்க சார்" என்றேன். என் பின்னால் இன்னும் நாலு கைகள் உயர்ந்தன. சார் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். நேற்று தேறிவிட்டேன். அந்தச் சாம்பாருக்கு ஒரு கும்பிடு.

நம் பாத்தி கல்லுப்பு ஒரு பொட்டலம் அனுப்பு. சமைக்க இல்லை, சும்மா தலைமாட்டில் வைத்துக்கொள்ள.

பவுலின் கூப்பிடுகிறாள். இன்று என் ரசம். உப்பு எவ்வளவு என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் போடப் போகிறேன்.