உருகிச் சொட்டிய திரைச்சீலை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வெனிங்கின் சலாம். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

போன வாரம் ஜகார்த்தா ஹோட்டலில் நாங்கள் மாட்டிய திரைச்சீலையில் மெழுகுவர்த்தி பட்டுவிட்டது. பருத்தியைப் போலக் கருகாமல், அந்தப் பாலியெஸ்டர் உருகித் தீயாகச் சொட்டியது. கூடத் தைக்கும் சுமியெமின் கையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

“வாயத் தொறக்காம மத்த ரூம்லயும் இதையே மாட்டு,” என்றார் எங்கள் தையல் மேஸ்திரி.

“தூங்கறவங்க எப்படிண்ணே தப்பிப்பாங்க?” என்று கேட்டேன்.

நான் ஹோட்டல் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கழற்ற வைத்தார்.

அதிலிருந்து மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை. என் அறையின் மாற்றுச்சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்பக்கம் போட ஒரு தாழ்ப்பாள் அனுப்புங்கள் அப்பா. இங்கே அதை வாங்கக் கடைக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இத்தோடு முடிக்கிறேன்.

வெனிங்